பயிற்சிப் பறத்தலில் ரேடியோ தகராறு செய்தால்: ஹெட்செட் பிளக் முதல் விளக்குச் சைகை வரை முழுமையான வழிகாட்டி

சர்க்யூட்டில், அதாவது ஓடுபாதையை ஒட்டிப் போடும் செவ்வகச் சுற்றில், ஓடுபாதைக்கு இணையாகப் போகும் டவுன்விண்ட் லெக். மாணவர் டவரை, அதாவது விமானநிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை, அழைக்கிறார், பதில் இல்லை. மறுபடி அழைக்கிறார், அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை அழைக்கும்போது குரல் உயர்ந்துவிட்டது, கண் ரேடியோ பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டது, விமானம் 200 அடி இறங்கி ஓடுபாதைப் பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. பயிற்றுநர் இருக்கையில் உட்கார்ந்து இந்தக் காட்சியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஆபத்து ரேடியோவில் இல்லை, அந்த 200 அடியில்தான் இருந்தது. இன்னொன்றும் கவனித்தேன்: ரேடியோ நிஜமாகவே செத்துப்போனது மிக அரிது. பெரும்பாலும் ஒரு குமிழ், ஒரு பிளக், தப்பான ஓர் எண், இல்லையென்றால் பதட்டத்தில் அடைத்துக்கொண்ட காது.

அதனால் இந்த வழிகாட்டியை, காக்பிட்டில் எந்த வரிசையில் கை போக வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் விமானத்தின் கையேடும் நீங்கள் பறக்கும் நாட்டின் விதிகளும் இதற்கு மேலே நிற்பவை. இங்கே சொல்வது அவற்றோடு முரண்பட்டால் அவற்றையே பின்பற்றுங்கள்.

முதலில் விமானம், அப்புறம்தான் ரேடியோ

விமானத்தைத் தாங்கிப் பிடிப்பது இறக்கையைச் சுற்றி ஓடும் காற்று. ரேடியோவே பொருத்தாத பழைய விமானங்களும் கிளைடர்களும் இன்றும் பத்திரமாகப் பறந்து பத்திரமாக இறங்குகின்றன. முதலில் ஓட்டு, அப்புறம் வழி பார், கடைசியில் பேசு என்ற வரிசையை எல்லா மாணவர்களும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் டவர் பதில் சொல்லாத அந்த நொடியில் அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது, ஏனென்றால் பதில் வராத அழைப்பு மனிதனை அப்படி உறுத்தும்.

செய்ய வேண்டியது இதுதான். உயரம், வேகம், திசை மூன்றையும் பாருங்கள். டிரிம் செய்யுங்கள், கையை எடுத்தாலும் விமானம் நேராகப் போக வேண்டும். வெளியே ஒரு சுற்று பாருங்கள். அதன்பின் ரேடியோவுக்கு 5 நொடி, மறுபடி வெளியே, மறுபடி 5 நொடி. ஒரே மூச்சில் கோளாறைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று குனியாதீர்கள். பயிற்றுநர் கூட இருந்தால் வேலையை வாய்விட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்: "நீங்கள் ஓட்டுங்கள், ரேடியோ என்னிடம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒரே குமிழைப் பார்த்துக்கொண்டிருக்கும் காக்பிட்டில் விமானத்தை ஓட்டுவது யாரும் இல்லை.

சர்க்யூட்டில் ஃபைனலுக்கு, அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பகுதிக்கு, திரும்பிய பிறகு ரேடியோ போனால், கோளாறைத் தேடும் வேலையை அங்கே தொடங்கவே தொடங்காதீர்கள். இறங்க அனுமதி ஏற்கெனவே கிடைத்திருந்தால், ஓடுபாதை காலியாக இருக்கிறதா என்று பார்த்து இறங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் டவரைப் பாருங்கள், விளக்கு தெரிகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் இறங்காமல் மறுபடி ஏறும் கோ-அரவுண்ட் செய்து உயரத்துக்குப் போன பின் மற்றதைப் பார்க்கலாம்.

சங்கிலி எங்கே அறுந்தது: மூன்று கேள்விகள்

உங்கள் குரல் வாயிலிருந்து மைக், மைக் பிளக், பி.டி.டி. என்று சொல்லும் பேச்சுப் பொத்தான், எதைக் கேட்பது, எதில் பேசுவது என்று தேர்ந்தெடுக்கும் ஆடியோ பேனல், ரேடியோ, ஆன்டெனா என்று போய், அங்கிருந்து காற்றில் கிளம்பி டவரின் ஆன்டெனாவைச் சேர்கிறது. பதிலும் இதே பாதையில் திரும்பி வந்து, கடைசியில் ஹெட்செட்டின் இன்னொரு பிளக் வழியாக உங்கள் காதுக்கு வருகிறது. இத்தனை கண்ணிகளில் எது அறுந்தது என்று குருட்டாம்போக்கில் தேடினால் பத்து நிமிடம் ஓடிவிடும். மூன்று கேள்வி கேட்டால் பெரும்பாலும் அரை நிமிடத்தில் இடம் தெரிந்துவிடும்.

ஒன்று, பயிற்றுநரும் நீங்களும் பேசுவது ஒருவருக்கொருவர், காக்பிட்டுக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காமில் கேட்கிறதா? இரண்டு, அந்த அலைவரிசையில் வேறு யாராவது பேசுவது கேட்கிறதா? மூன்று, நீங்கள் பொத்தானை அழுத்திப் பேசும்போது உங்கள் குரல் உங்கள் காதிலேயே எதிரொலிக்கிறதா, ரேடியோ முகப்பில் அனுப்புவதைக் காட்டும் டி.எக்ஸ். அடையாளம் எரிகிறதா?

ஒருவருக்கொருவர் கேட்கவில்லை என்றால் கோளாறு ஹெட்செட்டிலோ இன்டர்காமிலோ இருக்கிறது, டவர் அலைவரிசையை மாற்றிப் பயனில்லை. இன்டர்காம் சரி, வெளியுலகம் மட்டும் கேட்கவில்லை என்றால் ரேடியோ அமைப்பைப் பாருங்கள். எல்லோரையும் கேட்க முடிகிறது, உங்களுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அனுப்பும் பக்கம்தான் பிரச்சினை.

இன்டர்காம் கேட்காதபோது

சிறு பயிற்சி விமானங்களின் ஹெட்செட்டில் பெரும்பாலும் இரண்டு பிளக் இருக்கும். தடித்தது காதுக்கு, கொஞ்சம் மெல்லியது மைக்குக்கு. இதை ஒரு தடவை மனதில் பதித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எல்லாம் கேட்கிறது, நீங்கள் பேசுவது மட்டும் போகவில்லை என்றால் மெல்லிய பிளக்கை அழுத்திப் பாருங்கள். பேசுவது போகிறது, எதுவும் கேட்கவில்லை என்றால் தடித்த பிளக். முழங்கால் இடித்து அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தாலே போதும், தொடர்பு விட்டுவிட்டு வரும். உள்ளே தள்ளும்போது லேசாகத் திருகிக்கொண்டே தள்ளுங்கள், துளையில் இருக்கும் அழுக்கும் உரசிப் போகும்.

அடுத்து ஹெட்செட்டிலேயே இருக்கும் சிறு ஒலிக் குமிழ். முந்தைய மாணவர் இடது காதைக் குறைத்து வைத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்து இரைச்சலை அடைத்துவைக்கும் இன்டர்காம் ஸ்குவெல்ச். அதை அதிகமாக இறுக்கி வைத்திருந்தால் மெதுவாகப் பேசுபவரின் குரல் திறக்காது, தளர்த்தி வைத்திருந்தால் இன்ஜின் சத்தம் முழுக்க உள்ளே கொட்டும். ஆடியோ பேனலில் ஐசொலேட் என்ற நிலை தேர்வாகியிருந்தால் இடது இருக்கை விமானி மட்டும் ரேடியோவோடு தனியாக இருப்பார், வலது பக்கம் இருக்கும் பயிற்றுநர் கத்தினாலும் மாணவருக்குக் கேட்காது. சத்தத்தை ரத்து செய்யும் ஹெட்செட்டாக இருந்தால் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பேட்டரி தீர்ந்தாலும் பெரும்பாலான ஹெட்செட்டுகள் சாதாரண ஹெட்செட்டாக வேலை செய்யும், சத்தம் மட்டும் திடீரென்று கூடிவிடும். அதைக் கேட்டு இன்ஜினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்த மாணவர்கள் உண்டு.

மைக் உதட்டை ஒட்டி, கிட்டத்தட்ட தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த மைக்குகள் தூரத்துச் சத்தத்தை வெட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை, இரண்டு விரல் தூரம் தள்ளி வைத்தால் உங்கள் குரலையும் இன்ஜின் சத்தத்தோடு சேர்த்து வெட்டிவிடும்.

இன்டர்காம் முற்றிலும் போய்விட்டால் என்ன செய்வது என்பதைத் தரையிலேயே பேசிவைத்திருக்க வேண்டும். நான் சொல்வது எளிது: பயிற்றுநர் கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டு உங்கள் தோளைத் தட்டினால் நீங்கள் இரண்டு கையையும் அவர் கண்ணில் படும்படி தூக்கிவிடுங்கள், காலையும் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். "எனக்குக் கேட்கவில்லை" என்பதற்குக் காதைத் தொட்டுக் காட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கட்டுப்பாட்டை இழுப்பது ரேடியோ கோளாறைவிட எவ்வளவோ மோசமானது, அதனால்தான் இதை முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்கிறேன்.

வெளியிலிருந்து எதுவும் கேட்காதபோது

முதலில் ஸ்குவெல்ச்சைத் திறந்து பாருங்கள். பல ரேடியோக்களில் ஒலிக் குமிழை இழுத்தாலோ அழுத்தினாலோ திறக்கும். "ஷ்ஷ்ஷ்" என்ற இரைச்சல் கேட்டால் ரேடியோ உயிரோடு இருக்கிறது, ஒலி உங்கள் காது வரை வருகிறது, குமிழ் குறைந்திருக்கவில்லை என்று மூன்று விஷயம் ஒரே நொடியில் தெரிந்துவிடும். இரைச்சல் வரவில்லை என்றால் ஒலியளவு, ஆடியோ பேனலில் காம் 1 (முதல் ரேடியோ) தேர்வு, ரேடியோ முதலான கருவிகளுக்கு மின்சாரம் தரும் ஏவியானிக்ஸ் சுவிட்ச், கடைசியாக மின்சுமை கூடினால் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கர்.

இரைச்சல் வருகிறது, பேச்சு இல்லை என்றால் அலைவரிசையைச் சந்தேகப்படுங்கள். விமானப் பேச்சு ரேடியோ 118-லிருந்து 137 மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே வரை ஓடுகிறது, அதில் ஒரு இலக்கம் பிசகினாலும் ஆளில்லாத இடத்தில் பேசிக்கொண்டிருப்பீர்கள். அடிக்கடி நடப்பது இரண்டு. புது எண்ணை ஸ்டாண்ட்பை என்ற காத்திருப்புப் பக்கம் போட்டுவிட்டு மாற்றும் பொத்தானை அழுத்த மறப்பது. அல்லது அழுத்தியபின் தெரியாமல் இன்னொரு தடவை அழுத்திவிட்டுப் பழைய அலைவரிசைக்கே திரும்பிப் போவது. பழைய ரேடியோக்கள் கடைசி இலக்கத்தைக் காட்டாது, 118.725 என்பதை 118.72 என்று காட்டும், அது கோளாறு இல்லை. ஐரோப்பாவில் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அலைவரிசைகள் நெருங்கி இருப்பதால் அங்கே ஆறு இலக்கத்தையும் சரியாகப் போட்டே ஆக வேண்டும்.

புது அலைவரிசையில் யாரும் இல்லை என்றால் வெட்கப்படாமல் பழையதற்குத் திரும்பி, எண்ணை மறுபடி கேளுங்கள். அதற்காகத்தான் பழைய எண்ணை ஸ்டாண்ட்பையில் அழிக்காமல் வைத்திருக்கிறோம். வானிலைத் தகவல் சுற்றிச் சுற்றி ஒலிக்கும் ஏடிஸ் அலைவரிசை இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அது கேட்டால் உங்கள் கேட்கும் பக்கம் முழுக்கச் சரி. இரண்டாவது ரேடியோ இருந்தால் அதையும் பாருங்கள். அப்புறம், அலைவரிசையில் உண்மையாகவே யாரும் பேசாமல் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

எல்லோரையும் கேட்கிறது, உங்களுக்கு மட்டும் பதில் இல்லை

கன்ட்ரோலர் தொலைபேசியில் இருக்கலாம், வேறொரு அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கலாம், அவர் மற்ற அலைவரிசையில் பேசுவது உங்களுக்குக் கேட்காது. பத்து நொடி விட்டு மறுபடி அழையுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் ஆடியோ பேனலில் மைக் தேர்வு எந்த ரேடியோவில் இருக்கிறது என்று பாருங்கள். காம் 1-ஐக் கேட்டுக்கொண்டு காம் 2-வில் பேசுவது பயிற்சி விமானங்களில் தினசரி நடக்கும் விஷயம். பயிற்றுநரின் பொத்தானில் முயன்று பாருங்கள். அவருடையது வேலை செய்தால் கோளாறு உங்கள் பொத்தான், மைக், பிளக் மூன்றில் ஒன்று. கையில் பிடித்துப் பேசும் மைக் விமானத்தில் இருந்தால் அதையும் கூரை ஸ்பீக்கரையும் பயன்படுத்தலாம்.

இன்னொரு காரணம் தூரமும் உயரமும். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், மலைக்கும் பூமியின் வளைவுக்கும் பின்னால் போகாது. உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால் எத்தனை கடல் மைல் எட்டும் என்று தோராயமாகக் கிடைக்கும். 1000 அடியில் சுமார் 39 கடல் மைல், 3000 அடியில் சுமார் 67. இது குறுக்கே மேடு எதுவும் இல்லாத நிலைமைக்கு மட்டும். பயிற்சிப் பகுதி மேட்டுக்குப் பின்னால் இருந்தால், கட்டாய இறக்கப் பயிற்சிக்காகக் கீழே போன நேரத்தில் டவர் காணாமல் போவது இயல்பு. ஏறுங்கள், திரும்பி வந்துவிடும். ஆன்டெனா விமானத்தின் வயிற்றில் இருக்கிறதா முதுகில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதும் நல்லது, செங்குத்தாகச் சாய்ந்து திரும்பும்போது உடம்பே அதை மறைத்துவிடும். தரையிலும் இதேதான், ஹேங்கர் நிழலில் நின்று அழைத்தால் கேட்காத டவருக்கு ஐம்பது மீட்டர் தள்ளி வந்தால் தெளிவாகக் கேட்கும்.

சிக்கிக்கொண்ட பொத்தான்: இதைத் தனியாகப் பேச வேண்டும்

மேலே சொன்ன எல்லாம் உங்கள் ஒருவருடைய பிரச்சினை. பேச்சுப் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் அது அலைவரிசையில் இருக்கும் எல்லோருடைய பிரச்சினை. நீங்கள் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள், டவரை மற்றவர்கள் கேட்க முடியாது, டவரும் மற்றவர்களைக் கேட்க முடியாது. உங்கள் பாடம் முழுவதும், திட்டு உட்பட, ஊருக்கே ஒலிபரப்பாகும். கொடுமை என்னவென்றால் உங்களுக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் அனுப்பும்போது உங்கள் ரேடியோ கேட்காது. உங்களுக்கு அது அமைதியான, இதமான ஒரு அலைவரிசையாகத்தான் தோன்றும்.

எனவே பரபரப்பான நேரத்தில் திடீரென்று அமைதி வந்தால் சந்தேகப்படுங்கள். முதல் பார்வை டி.எக்ஸ். அடையாளத்துக்குப் போகட்டும். நீங்கள் பேசாதபோதும் அது எரிந்தால் சிக்கியிருப்பது உங்கள் பொத்தான்தான். யோக் என்னும் கட்டுப்பாட்டுப் பிடியில் இருக்கும் பொத்தானை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். பயிற்றுநர் பக்கத்துப் பொத்தானையும் பாருங்கள். கையில் பிடிக்கும் மைக் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். வெல்க்ரோவில் கட்டிய தனிப் பொத்தானாக இருந்தால் அதன் பிளக்கைப் பிடுங்குங்கள். எதுவும் பலிக்கவில்லை என்றால் அந்த ரேடியோவையே அணைத்துவிடுங்கள். மைக் தேர்வை இரண்டாவது ரேடியோவுக்கு மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பொத்தான் அழுந்தியபடி இருக்கும்வரை அங்கேயும் அதேதான் நடக்கும். சில நவீன ரேடியோக்கள் சுமார் அரை நிமிடத் தொடர் அனுப்பலுக்குப் பின் தானாகவே நிறுத்திக்கொள்ளும், ஆனால் உங்களுடையது அந்த ரகமா என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மூன்றாமவருக்கு ஒரு கீச்சொலி கேட்கும். விமான ரேடியோ இன்னமும் ஏ.எம். முறையில் இருப்பதால்தான் அந்தக் கீச்சாவது கேட்கிறது. எஃப்.எம். ஆக இருந்தால் வலுவான குரல் மட்டும் கேட்டு மற்றது தடமில்லாமல் மறைந்துவிடும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல உண்டு, அவற்றில் ஒன்று இந்தக் கீச்சொலி. காத்திரு, பிறகு அழைக்கிறேன் என்று டவர் சொன்னதும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானம் சொன்னதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. புறப்பட ஓடத் தொடங்கியிருந்த கே.எல்.எம். காக்பிட்டில் அந்த இரண்டு எச்சரிக்கையும் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. டேக்-ஆஃப் என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதைத் திருப்பிச் சொல்லும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது, மற்ற நேரங்களில் டிபார்ச்சர் என்பது, அதற்குப் பிறகு உறுதியான வழக்கம். கீச்சொலி கேட்டால் ஏதோ ஒரு செய்தி தொலைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கானதாக இருக்க வாய்ப்பிருந்தால் கேட்டே தீருங்கள்.

கருவி சரி, காதுதான் அடைத்துவிட்டது

மாணவர்களுக்கு நிஜமாகவே அதிகம் நடப்பது இதுதான். ரேடியோ முழுத் தெளிவாக இருக்கும், டவர் சொன்னது ஒரு வார்த்தையும் ஏறியிருக்காது. இது திறமைக் குறைவு இல்லை. மனம் நிரம்பி வழியும்போது முதலில் கைவிடப்படுவது கேட்பதுதான். அனுபவசாலிகளுக்கும் நடக்கும்.

வழி என்னவென்றால், பதில் வருமுன்னே அது என்னவாக இருக்கும் என்று ஊகித்து வைத்திருப்பது. டாக்ஸிக்கு, அதாவது தரையில் ஓட்டிப் போவதற்கு, அனுமதி கேட்டால் ஓடுபாதை எண், பாதை, உயரமானிக்கான அழுத்த அமைப்பு, எங்கே நிற்க வேண்டும் என்ற நான்கும்தான் வரும். முழங்காலில் கட்டிய தாளில் அந்த நான்குக்கும் இடம் விட்டு எழுதி வைத்திருந்தால் காது தானாகவே அவற்றைத் தேடும். புரியாவிட்டால் "சே அகெய்ன்". நேரம் வேண்டுமென்றால் "ஸ்டாண்ட் பை". செய்ய முடியாததைச் சொன்னால் "அனேபிள்". இந்த மூன்றையும் சொல்லத் தயங்கும் மாணவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வராது. புரியாமலே "ரோஜர்" (முழுதும் கேட்டுக்கொண்டேன்) என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர் முகத்தைப் பார்ப்பது கெட்ட பழக்கம், தனியாகப் பறக்கும் நாளில் பார்க்க முகம் இருக்காது. "மாணவ விமானி" என்று அழைப்பில் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

ஓடுபாதை சம்பந்தப்பட்ட எதையும், நுழைய, கடக்க, முன்னால் நிற்க, இறங்க, புறப்பட, எல்லாவற்றையும் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அழுத்த அமைப்பு, ரேடாரில் உங்களை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் எண், உயரம், திசை, வேகம் இவையும் அப்படியே. உங்கள் அழைப்புப் பெயரைப் போலவே ஒலிக்கும் இன்னொரு விமானம் அன்றைக்குச் சர்க்யூட்டில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை, அவருக்குச் சொன்னதை நீங்கள் எடுத்துக்கொண்டுவிடலாம்.

பேசும்போது பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுத் தொடங்குங்கள், பேசி முடித்தபின் விடுங்கள். அவசரத்தில் முதல் அசை வெட்டுப்பட்டால் போவது உங்கள் அழைப்புப் பெயர்தான். நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். மூன்றை "ட்ரீ" என்றும் ஐந்தை "ஃபைஃப்" என்றும் ஒன்பதை "நைனர்" என்றும் சொல்வது இரைச்சலிலும் எண்கள் குழம்பாமல் இருக்கத்தான்.

பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் நிரம்பிவிட்டார் என்று தெரிந்தால் "ரேடியோ என்னிடம்" என்று வாங்கிக்கொள்ளுங்கள். டவர் பேசத் தொடங்கிய நொடியில் நீங்கள் நிறுத்துங்கள். மாணவரின் காதில் டவரும் நீங்களும் ஒன்றாக ஒலித்தால் இரண்டுமே வீண்.

ரேடியோவோடு மற்றதும் மங்கினால்: மின்சாரம்

கேட்கிறது, ஆனால் பொத்தானை அழுத்தினால் ரேடியோ திரை மங்குகிறது அல்லது அணைந்து எரிகிறது என்றால் கண்ணை அம்மீட்டருக்கும் வோல்ட்மீட்டருக்கும் கொண்டு போங்கள். அனுப்புவதற்குக் கேட்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் தேவை, அதனால் பேட்டரி சோர்ந்தால் முதலில் போவது அனுப்பும் திறன். 24 வோல்ட் அமைப்பில், இன்ஜினால் ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வேலை செய்தால் சுமார் 28 வோல்ட் காட்டும், 12 வோல்ட் அமைப்பில் சுமார் 14. அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் நீங்கள் பேட்டரியில் ஓடுகிறீர்கள்.

கையேட்டில் உள்ளபடி ஆல்டர்னேட்டர் சுவிட்சை அணைத்துப் போடுங்கள், பிரேக்கர் வெளியே வந்திருந்தால் ஒரே ஒரு முறை உள்ளே தள்ளலாம், மறுபடி வந்தால் விட்டுவிடுங்கள். திரும்பி வரவில்லை என்றால் தேவையில்லாத எல்லாவற்றையும் அணைத்து, ஒரு ரேடியோவை மட்டும் வைத்து, பேட்டரி தாங்கும்போதே சுருக்கமாக ஒரு அழைப்பில் நிலைமையையும் திட்டத்தையும் சொல்லிவிடுங்கள். பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது என்று வைத்தே திட்டமிடுங்கள். குறைந்த வேகத்தில் இறங்க உதவும் இறக்கை மடலான ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவது என்றால் ஃபிளாப் இல்லாத இறக்கத்துக்கும் மனதைத் தயார் செய்யுங்கள். வழக்கமான பிஸ்டன் பயிற்சி விமானத்தில் மேக்னெட்டோ பற்றவைப்பு தனி, பேட்டரி போனாலும் இன்ஜின் ஓடும். எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டு இன்ஜின் என்றால் அப்படி நினைக்காதீர்கள், அதற்கான பக்கத்தைத் திறங்கள். கருகல் வாடையோ புகையோ வந்தால் இந்தப் பத்தியில் சொன்ன எதுவும் பொருந்தாது, மின்தீ சரிபார்ப்புப் பட்டியலுக்குப் போங்கள்.

நிஜமாகவே ரேடியோ இல்லை

டிரான்ஸ்பாண்டரில், ரேடியோ போய்விட்டது என்பதற்கான 7600 எண்ணைப் போடுங்கள். அடுத்து குருட்டு அனுப்பல்: உங்களுக்குக் கேட்காவிட்டாலும் உங்கள் குரல் போய்க்கொண்டிருக்கலாம். "டிரான்ஸ்மிட்டிங் பிளைண்ட்" என்று தொடங்கி, எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். மாறாக, உங்களுக்குக் கேட்கிறது, அனுப்ப மட்டும் முடியவில்லை என்றால், கேட்டால் (ரேடாரில் உங்களைத் தனியாகக் காட்டும்) ஐடென்ட் பொத்தானை அழுத்து அல்லது இந்தப் பக்கம் திரும்பு என்று கன்ட்ரோலர் சொல்வார். செய்யுங்கள், பேசாமலே உரையாடல் நடக்கும். 121.5 அவசர அலைவரிசையையும் முயலலாம். கையடக்க ரேடியோ பையில் இருந்தால் இதுதான் அதன் நேரம். டவரின் தொலைபேசி எண்ணை மொபைலில் முன்பே சேமித்து வைத்திருந்தால், விதி அனுமதிக்கும் இடத்தில் பயிற்றுநர் அதையும் பார்க்கலாம்.

கண்ணால் பார்த்துப் பறக்கும் நிலைமையில் இருந்தால் அப்படியே தொடர்ந்து, பொருத்தமான பக்கத்து விமானநிலையத்தில் இறங்கி, இறங்கியதைத் தெரிவிக்க வேண்டும் என்பதே சர்வதேச அடிப்படை விதி. கட்டுப்பாட்டு வான்வெளிக்கு வெளியே இருக்கும்போதே ரேடியோ போனால், டவர் இல்லாத ஒரு நல்ல களத்தில் இறங்குவது பல நேரம் எளிது. அங்கேயும் சர்க்யூட் உயரத்துக்கு மேலே நின்று காற்றுக் கூம்பையும் மற்ற விமானங்களையும் நன்றாகப் பார்த்து, வழக்கமான சர்க்யூட் போட்டு, விளக்குகளை எல்லாம் எரியவிட்டு வாருங்கள். டவர் உள்ள இடமென்றால் வெளியிடப்பட்ட உள்ளூர் நடைமுறைப்படி சேர்ந்து, டவரிலிருந்து வரும் விளக்கைத் தேடுங்கள்.

விளக்குகளை இப்படி நினைவில் வைக்கிறேன். நிலையான பச்சை என்றால் ஓடுபாதை உங்களுக்கு: வானில் இறங்கலாம், தரையில் புறப்படலாம். மின்னும் பச்சை என்றால் நகரலாம், ஆனால் ஓடுபாதை இன்னும் உங்களுக்கு இல்லை: வானில் இறங்குவதற்காகத் திரும்பி வா, தரையில் டாக்ஸி செய். நிலையான சிவப்பு என்றால் பொறு: வானில் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு, தரையில் நில். மின்னும் சிவப்பு என்றால் விலகு: வானில் களம் பாதுகாப்பாக இல்லை இறங்காதே, தரையில் ஓடுபாதைப் பகுதியை விட்டு வெளியேறு. மின்னும் வெள்ளை தரையில் கிளம்பிய இடத்துக்கே திரும்பச் சொல்கிறது. வானில் அது இந்தக் களத்தில் இறங்கி நிறுத்துமிடத்துக்குப் போகச் சொல்கிறது, ஆனாலும் இறங்க நிலையான பச்சைக்குக் காத்திருக்க வேண்டும். சில நாடுகளில் சிறு வேறுபாடுகள் உண்டு, அமெரிக்காவில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்தால் மிகுந்த எச்சரிக்கை என்று பொருள்.

பார்த்துவிட்டேன் என்று சொல்ல, பகலில் இறக்கைகளை அசைக்க வேண்டும், இரவில் இறங்கு விளக்கை இரண்டு தடவை அணைத்து எரிய வைக்க வேண்டும். தரையில் பகல் நேரத்தில் இறக்கையிலுள்ள எய்லரானையோ வாலிலுள்ள ரட்டரையோ அசைத்தால் போதும். ஃபைனலுக்கு முந்தைய பகுதியான பேஸிலும் ஃபைனலிலும் இறக்கையை அசைக்க வேண்டியதில்லை, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. தாழ்ந்த உயரத்தில், குறைந்த வேகத்தில் அந்தச் சாகசம் வேண்டாம்.

தனியாகப் பறக்கும் முன்

முதல் தனிப் பறத்தலுக்கு அனுப்பும் முன் மாணவரிடம் நான் கேட்பது: டவுன்விண்டில் ரேடியோ போனால் என்ன செய்வாய், பயிற்சிப் பகுதியில் போனால் எங்கே போவாய், புறப்படும் ஓட்டத்தில் போனால்? மூன்றுக்கும் தயங்காமல், ஒரே மூச்சில் பதில் வரவேண்டும். அதற்கு முன், கூட இருக்கும் பாடங்களில் ஒன்றில், பயிற்சிப் பகுதியில் பாதுகாப்பான உயரத்தில் நான் மெதுவாக மாணவர் பக்கத்து ஒலியைக் குறைத்துவிடுவேன். என் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகிறது, அதற்குள் உயரம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பேன். போக்குவரத்து குறைந்த நேரத்தில் கேட்டுக்கொண்டால் பல டவர்கள் விளக்கைக் காட்டவும் செய்வார்கள். பகல் வெளிச்சத்தில் அந்த விளக்கு எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்பதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

டாக்ஸிக்கு முன் ரேடியோ செக்கை இரண்டு ரேடியோவிலும் செய்யுங்கள். பதிலில் வரும் எண் 5 என்றால் முழுத் தெளிவு, 3 என்றால் சிரமப்பட்டுத்தான் புரிகிறது, 1 என்றால் புரியவே இல்லை. 3 என்று பதில் வந்தால் அது பறக்கலாம் என்பதற்கான அனுமதி இல்லை. ஹெட்செட்டை மாற்றிப் பாருங்கள், தீரவில்லை என்றால் விமானத்தை மாற்றுங்கள்.

இறங்கிய பிறகு

டவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நீங்கள் பத்திரம் என்று தெரியட்டும். அப்புறம் விமானத்தின் கோளாறுப் பதிவேடான டெக் லாகில் எழுதுங்கள். "ரேடியோ சரியில்லை" என்று எழுதினால் பொறியாளர் தரையில் போட்டுப் பார்ப்பார், நன்றாக வேலை செய்யும், மூடிவிடுவார். எந்த ரேடியோ, எந்த அலைவரிசை, எந்த இருக்கை, கேட்பதிலா அனுப்புவதிலா, எந்த ஹெட்செட், மழையில் பறந்தீர்களா, எந்தப் பக்கம் சாய்ந்தபோது, அப்போது வோல்ட் எவ்வளவு, பறக்கத் தொடங்கி எத்தனை நிமிடத்தில் என்று எழுதுங்கள். சூடேறிய பின் மட்டும் வரும் கோளாறை இந்தக் கடைசி விவரம்தான் காட்டிக்கொடுக்கும். ஹெட்செட்தான் காரணம் என்று உறுதியானால் அதில் ஒரு சீட்டு ஒட்டித் தனியாக வையுங்கள், மறுபடி கொக்கியில் மாட்டினால் அடுத்த மாணவர் அதை எடுத்துக்கொண்டு தனியாகப் பறக்கப் போய்விடுவார்.